ஒன்றும் தரமாட்டேன் என்று ஓட்டுக் கேட்டவள்

சேகருக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே தேர்தல் முடிந்துவிட்டது. ஓட்டும் எண்ணியாகிவிட்டது. நான் தோற்றுவிட்டேன். டெபாசிட்டும் போய்விட்டது. இதை நீ ராஞ்சியில் பேப்பரில் பார்த்திருக்க முடியாது. என் பெயரையெல்லாம் போடமாட்டார்கள், 'மற்றும் சுயேச்சைகள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி எழுதியிருந்தாய். வாங்கவில்லை. முதலில் எதற்குப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. "நமக்கு எதுக்கும்மா பாலிடிக்ஸ், உமா வீட்ல என்ன நெனப்பாங்க" என்று மட்டும் கேட்டிருந்தாய். இன்னும் கொஞ்ச நாளில் உனக்கும் உமாவுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், ஆனால் பாலிடெக்னிக் போனதிலிருந்து தமிழ் எழுத்து உனக்குத் தூரமாகிவிட்டது. உன் கடிதத்திலேயே பாதி ஹிந்தி. நிறுத்தி நிறுத்திப் படி. அவசரமில்லை. இதில் நான் அழுகிறேனா, கோபப்படுகிறேனா என்று தேட வேண்டாம். எனக்கு இரண்டும் வெகு நாளாகச் சரியாக வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படித்தான் நான் இருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்வது எனக்குச் சிரமமில்லை.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். விற்காமல் மிஞ்சிய பத்திரிகைகளைத் திருப்பி அனுப்புவதற்குள் நான் படித்துவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. உன் அப்பா கொத்தனார். எங்களுக்குக் கல்யாணமானபோது அவர் ஏற்கெனவே ஒரு காண்டிராக்டரோடு தில்லிக்கு வந்து வேலை செய்துகொண்டிருந்தார். சாணக்யபுரியில் வெளிநாட்டுக்காரர்களின் பங்களாக்களுக்கு மதில் சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் சற்றுத் தள்ளி ஒரு நாலாவின், அந்தச் சாக்கடைக் கால்வாயின், கரையில் குடிசை போட்டிருந்தோம். நீ பிறந்தது அங்கேதான். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் என்னிடம் வருவார்கள். ரேஷன் கார்டுக்கு மனு, குழாய்க்கு மனு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு. அதற்காகவே ஹிந்தி எழுத்துக் கற்றுக்கொண்டேன். எழுதி எழுதி எனக்கு ஒன்று பழகிப்போயிற்று. இந்த ஊரில் நாங்கள் எதைச் செய்வதானாலும் அதற்கு யாரோ ஒருத்தர் சரி என்று சொல்ல வேண்டும். கூரைக்கு மேலே தகரம் போட ஒருத்தர். கூடையில் வைத்துக் கீரை விற்க ஒருத்தர். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, அதுபோல இதுவும் ஒன்று என்று இருந்தேன்.

பிறகு அவசர நிலை என்று ரேடியோவில் சொன்னார்கள். சில மாதம் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதன்பின் ஒரு நாள் புல்டோசர் வந்தது. "ஸாமான் உடாவோ, ஜல்தி ஜல்தி" என்று, சாமானை எடுக்கச் சொல்லி, ஓர் அதிகாரி வாயில் ஒலிபெருக்கிக் குழல் வைத்துக் கத்திக்கொண்டே நடந்தார். பாத்திரத்தை எடுப்பதா, உன்னைப் பிடித்துக்கொள்வதா என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஒன்றையும் எடுக்கவில்லை. எல்லோர் குடிசையும் தட்டியும் சாக்குமாக இருக்க, நம்முடையது மட்டும் செங்கல் சுவர். வேலை நடந்த இடங்களில் உடைந்து கிடந்த கல்லையெல்லாம் சேர்த்து அவரே கட்டியது. மற்றவை ஒரே இடியில் சரிந்தன, நம் சுவர் உடனே விழவில்லை. டிரைவர் பின்னால் போய் மறுபடி வந்தான். அந்த அதிகாரி நின்று பார்த்துவிட்டு, "அச்சா தீவார் ஹை" என்றார். நல்ல சுவர் என்று சொன்னார், சேகர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிறகு கையைக் காட்டினார், சுவர் விழுந்தது. அவரை நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. இன்றுவரை அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நல்ல மனுஷர்கள் கையைக் காட்டினால்கூட நடக்கிற காரியம் அது.

லாரியில் ஏற்றி யமுனைக்கு இந்தப் பக்கம், இப்போது நாம் இருக்கிற இடத்தில், வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு மனை பிரித்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஆள். ஆபரேஷன் ஆயிற்றா என்றுதான் முதலில் கேட்டார்கள். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று ஆண்களுக்குச் செய்கிற ஆபரேஷன். செய்துகொண்டவர்களுக்கு உடனே மனை. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் கிடையாது. நாம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே இருந்தோம், உனக்கு நினைவிருக்கும். மழை பிடித்துக்கொண்டது. உனக்குக் காய்ச்சல். தரையெல்லாம் தண்ணீராகி, உன்னை ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் படுக்க வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் உன் அப்பா வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். கையில் ஒரு டின் நெய்.

"என்னங்க இது?"

"மனை கெடைச்சிருச்சு புள்ள."

"எப்பிடி?"

"போயிட்டு வந்துட்டேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "நமக்கு ஒத்தப் புள்ளதான்னு சொல்லலியா?"

"சொன்னேன். அடுத்த ஆளக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. படுத்துக்கிட்டேன்."

நெய் அங்கே இனாமாகக் கொடுத்தது. மறுநாள் உனக்குக் காய்ச்சல் விட்டது. சுடுசோற்றில் அந்த நெய்யை ஊற்றிப் போட்டேன். இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். போன தீபாவளிக்கு வந்தபோது உமாவிடம், "நாங்க ரொம்ப கஷ்டத்துல இருந்தப்பகூட எங்கப்பா ஒரு டின் நெய் வாங்கிட்டு வந்தார் தெரியுமா, அந்த மாதிரி சோறு நான் சாப்பிட்டதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் என்பதற்காக அந்த ருசியை நீ வெறுக்க வேண்டாம். நீ சந்தோஷமாகச் சாப்பிட்டது நிஜம். அது உன்னுடையது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று இருந்தது. நீ கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தோம். பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம். அதை இங்கே எழுதவில்லை. அப்பா அதன்பிறகு கொத்துக் கரண்டியைத் தொடவில்லை. கட்டிட வேலைக்குக் கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நம் வீட்டுச் சுவரைக்கூட வேறு ஆள்தான் வந்து கட்டினான். ஏன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன். பேச்சும் குறைந்துவிட்டது. நம் கலியில், இந்தச் சந்தில், அதுபோலப் பேச்சுக் குறைந்த ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள். பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. நானும் அழவில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

நாலாக் கரையில் இருந்தபோதே நீ சேர்ந்த பள்ளிக்கூடத்தை மாற்ற எனக்கு மனமில்லை. லக்ஷ்மிபாய் நகரில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. விடிந்ததும் உன்னையும் மாவுத் தூக்கையும் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டி பஸ்ஸில் வந்தேன். உன்னை உள்ளே விட்டுவிட்டு, மணி அடித்து நீ வெளியே வரும் வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று பஸ் ஸ்டாப் பக்கத்தில் இட்லி போட ஆரம்பித்தேன். பிறகு ஒரு தள்ளுவண்டி. ராத்திரியில் வண்டியைத் தன் சைக்கிள் கடைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள ஒரு ஸர்தார்ஜி இடம் கொடுத்தார். குவார்ட்டர்ஸில் இருந்த நம் ஜனங்கள் ஆபீஸ் பஸ் பிடிக்கும் முன் வந்து நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். உமாவின் அப்பா சுந்தரம் ஸாரும் அப்படித்தான் பழக்கம். அந்த மனுஷர் எந்த ஆபீஸில் இருக்கிறார் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. திருநெல்வேலிக்காரர், சட்னியில் காரம் போதாது என்று தினமும் சொல்வார், தினமும் வருவார். நீயும் உமாவும் ஒரே வகுப்பு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

கமேட்டி வண்டி, அதான் முனிசிபாலிடி லாரி, வரும்போதெல்லாம் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியதை நீ பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாய். மறுநாள் வகுப்பில் பையன்கள் கேலி செய்ததாக அழுதாய். நகரத்தில் பெரிய விளையாட்டு விழா வந்தபோது ஊரை அழகுபடுத்துகிறோம் என்று எங்களை மொத்தமாகத் துடைத்துப்போட்டார்கள். விழா முடிந்ததும் திரும்பி வந்தோம். லைசென்ஸுக்கு நான் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. கிடைக்கவில்லை. நான் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை சேகர். ஒருத்தருக்குப் பசித்தது, நான் இட்லி வைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருத்தர் ஏன் நிற்கிறார் என்று யோசிக்க ஆரம்பித்தது அந்த வருஷங்களில்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஓட முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. என் வண்டியைக் கமேட்டிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கப் போனேன். அது ஒரு பெரிய கிடங்கு. உள்ளே தள்ளுவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சக்கரம் மேலே பார்க்க, கூரை வரைக்கும் கிடந்தன. பானிபூரி வண்டி, வாழைப்பழ வண்டி, இஸ்திரி வண்டி. சிலவற்றில் சாமி படம் அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு தராசின் தட்டில் குருவி கூடு கட்டியிருந்தது. என்னுடையதை அடையாளம் காட்டினேன். பியூன் சிரித்துவிட்டு, அடியில் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் இறக்க வேண்டும், அதற்கு ஆர்டர் இல்லை, போய் மனு எழுதிக்கொண்டு வா என்றான். நான் பையிலிருந்து காகிதமும் எடுத்துவிட்டேன், பேனாவும் திறந்துவிட்டேன். அப்புறம் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரோடும் சண்டை போடவில்லை. ஏதோ முடிந்துபோனது, அவ்வளவுதான்.

எம்.பி. எலக்ஷன் அறிவித்ததும் நம் கலிக்குக் கட்சிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தர் குழாய் தருகிறேன் என்றார். ஒருத்தர் பட்டா தருகிறேன் என்றார். ஒருத்தர், "மாஜி, தும் கோ ரேஹ்ரி கா லைசென்ஸ் தூங்கா" என்று என்னிடமே சொன்னார். அம்மா என்று கூப்பிட்டு, தள்ளுவண்டிக்கு லைசென்ஸ் தருகிறாராம். என் வண்டி, என் மாவு, என் கை. அதை எனக்குத் தருவதற்கு இவர் யார் என்று நினைத்தேன். தரும் கைதான் பிறகு வந்து எடுத்துக்கொண்டும் போகிறது. மனை தந்தவர்கள் உன் அப்பாவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். தருகிறேன் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் வரமாட்டோம், உங்களை உங்கள் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம் என்று சொல்ல ஒருத்தராவது நிற்க வேண்டாமா? வேறு ஆள் நின்றிருந்தால் நான் நின்றிருக்கமாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. வாழ்நாள் முழுக்க மனு எழுதியாயிற்று, ஓட்டுக் கேட்பதற்காவது யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை என்று நினைத்தேன். போனபிறகுதான் தெரிந்தது, அதற்கும் வேட்புமனு என்றுதான் பெயர். ஆபீஸில் என்ன கட்சி என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். குடைச் சின்னம் கொடுத்தார்கள். ஸர்தார்ஜி இரவல் கொடுத்த வண்டியில் ஒரு கறுப்புக் குடையைக் கட்டிக்கொண்டேன்.

நான் நிற்பதைச் சுந்தரம் ஸாருக்கு ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீடு தேடி வந்தார். பாதியில் ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்று இறக்கிவிட்டதால், சேற்றில் நடந்து வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல் கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"என்னம்மா இது, நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான் ஸார்."

"ஜெயிச்சா என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் ஸார். யாரையும் ஒண்ணும் செய்ய விடாம பாத்துக்குவேன். திருடினாப் பிடிக்கட்டும், அடிச்சாப் பிடிக்கட்டும். மத்தபடி அவங்கவங்க பொழப்ப அவங்கவங்க பாத்துக்கட்டும்."

அவர் சிரித்தார். "இதுக்கு வெளிநாட்டுல ஒரு பேரே இருக்கு பாத்துக்கிடுங்க. லிபர்ட்டேரியன்னு சொல்லுவாங்க. சுதந்திரவாதி. புஸ்தகம் புஸ்தகமா எழுதி வச்சிருக்காங்க."

"இட்லி விக்கிறவங்களா எழுதினாங்க?"

"இல்லம்மா, எல்லாம் பெரிய புரொபசர்கள்." பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "நீங்க சொல்லுததுல தப்பே கிடையாது. முப்பது வருஷமா ஃபைல் பாத்தவன், எனக்குத் தெரியாதா? ஆனா சொந்தக்காரங்க கேக்குதாங்க. சம்பந்தியம்மா வண்டியில குடையக் கட்டிக்கிட்டு ஓட்டுக் கேக்குதாங்கன்னா உமாவுக்குத்தான் சங்கடம். கல்யாணம் முடியுற வரைக்குமாவது இது வேண்டாமே."

"யோசிக்கிறேன் ஸார்" என்றேன். யோசித்தேன். அந்த வாரத்தில்தான் உன் கடிதமும் வந்தது. எனக்காக வாபஸ் வாங்கு என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "உனக்கு எப்பிடித் தோணுதோ" என்றார். வாபஸ் வாங்குகிற கடைசி நாளன்று நான் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். உன்மேல் பிரியம் இல்லாததால் அல்ல. நல்லவர்கள் நல்ல காரணத்துக்காகக் கேட்கிறார்கள் என்று நான் இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கலி கலியாகப் போனேன். "நான் உங்களுக்கு ஒண்ணும் தரமாட்டேன்" என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நின்று கேட்பார்கள். கீரை விற்பதற்கு, கூரை போடுவதற்கு, எத்தனை பிள்ளை பெறுவது என்பதற்கு, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்வேன். ஒரு நாள் பின் கலிச் செல்வி, விழுப்புரத்துக்காரி, இடுப்பில் குழந்தையோடு கேட்டாள்:

"எல்லாம் சரிக்கா. சர்க்காரு ஒண்ணும் குடுக்க வேணாம்னா ரேஷன் கடைய மூடிடுவாங்களா? அரிசிக்கு நான் எங்க போவேன்?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சுந்தரம் ஸாரின் புரொபசர்கள் ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள். நான் அன்று செல்வி வீட்டுக் குழந்தைக்கு இரண்டு இட்லி கொடுத்துவிட்டு வந்தேன். அது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் நம் கலி முனையில் இருக்கிற காலி மைதானத்தில் பேசினேன். வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தேன், பிறகு கரண்ட் இருக்காது. சேலம், விழுப்புரம் ஆட்கள்தான் அதிகம். நான் பேசி முடிக்கும் சமயத்தில் உன் அப்பா டியூட்டிக்குப் போகிற காக்கிச் சட்டையோடு கூட்டத்துக்குள் வந்தார். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாங்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டது அல்ல.

"எனக்குப் பேச வராது," என்றார். "நான் இவ புருசன். பாய் விரிச்சா முடிஞ்சுபோற மனை, அதுக்காக என்னைய அறுத்தாங்க. யாரும் இழுத்துக்கிட்டுப் போவல. நானாத்தான் நடந்து போனேன். வரிசையில நின்னு, படுத்துக்கிட்டேன். அதத்தான் இன்னிக்கி வரைக்கும் என்னால செரிக்க முடியல. இங்க நிக்கிறதுல பாதிப் பேருக்கு அது நடந்திருக்கு. யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. நானும் எம் பையன்கிட்டச் சொல்லல." கையால் என்னைக் காட்டினார். "எம் பொண்டாட்டி ஒண்ணும் தர்றேன்னு சொல்லல. இனிமே யாரும் அப்பிடி மேசை போட்டு உக்கார மாட்டாங்கன்னு சொல்றா. எனக்கு அது போதும்."

யாரும் கை தட்டவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். எதிர் வீட்டு மாரிமுத்து மட்டும் போகாமல் நின்றான். அப்பாவிடம் வந்து ஒரு பீடியை நீட்டினான். இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்துகொண்டு குடித்து முடித்தார்கள். பிறகு அப்பா தூக்கை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

நம் கலி எனக்கு ஓட்டுப் போடவில்லை. குழாய் தருகிறேன் என்றவருக்குப் போட்டது. அவரே ஜெயித்தார். செல்வி என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதக்கா" என்றாள். எனக்கு வருத்தமில்லை. தண்ணீருக்கு அவள் நடக்கிற தூரம் எனக்குத் தெரியும். எண்ணிக்கை முடிந்த மறுநாள் ஜெயித்தவரின் ஆள் ஒருத்தன் ஜீப்பில் வந்தான். மாஜிக்கு நல்ல தைரியம், எங்களோடு வந்துவிடுங்கள், லைசென்ஸ் நாளைக்கே வாங்கித் தருகிறேன் என்றான்.

"எல்லா வண்டிக்காரனுக்கும் வாங்கித் தருவியா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "ஸப் கோ தேங்கே தோ லைசென்ஸ் கிஸ் பாத் கா?" எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அப்புறம் லைசென்ஸ் எதற்கு என்கிறான். நான் தேர்தல் முழுக்கச் சொன்னதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சுந்தரம் ஸாரும் வந்துவிட்டுப் போனார். கல்யாணம் குறித்த நாளில் நடக்கும், அதில் மாற்றமில்லை என்றார். "என் ஓட்டு உங்க தொகுதியில இல்லம்மா. இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல" என்று அவராகவே சொன்னார். பொய் சொல்லாத மனுஷர். மண்டபத்தில் அப்பாவைக் கட்டிடக் காண்டிராக்டர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எங்களைக் கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்வோம் என்றேன். சரி என்றார்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நீ அரசாங்க ஆலையில் இருக்கிறாய். இன்று ஜூனியர் இன்ஜினியர், நாளைக்கு உனக்கு ஒரு மேசை வரும், மேசைக்கு எதிரில் ஆட்கள் நிற்பார்கள். நீ கெட்டவனாக இருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். சுவரை நல்ல சுவர் என்று சொன்ன அதிகாரியைப்போல, நீயும் நல்லவனாகவே இருப்பாய். அதனால்தான் பயமாக இருக்கிறது. எதிரில் நிற்கிறவனிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கவே கூடாது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள். அந்த நேரத்தில் யோசிக்க வராது. எல்லோரும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கல்யாணத்தில் எங்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது, யாரிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் நீயும் உமாவும் முடிவு செய்யுங்கள். ஊர் முழுக்க எல்லோரையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரிந்தவள், என் பிள்ளையிடம் மட்டும் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் இருப்பது சுலபமாக இல்லை. இந்தக் கடிதத்தை உமாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அப்பாவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். எழுது என்றார்.

இவ்வளவையும் எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெய் வந்த இடத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டார், நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். நான் கவரில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்து உட்கார்ந்தார்.

"அவனுக்குக் கொழந்த பொறந்தா," என்றார், "எத்தனைன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மா